அரளி வேலியும் பூனைக்குட்டிகளும்

கேள்வி: எங்கள் வீட்டு வேலி முழுக்க அரளி. வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. போன வாரம் ஒரு குட்டி அரளி இலையைக் கடித்து இழுக்க, பதறிப் பிடுங்கினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. "ஆடே வாய் வைக்காத செடி, பூனையா தின்னப் போகுது?" என்கிறார் மாமியார். சாமிக்கும் அந்தப் பூதான். வேலியை எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: எடுத்துவிடுங்கள், சகோதரி. உப்புக்காற்றைத் தாங்கும், கோடையில் காயாது, ஆடும் மேயாது என்றுதான் நம் கரையோரத்தில் அரளி வைக்கிறோம். பச்சை இலை கசப்பதால் ஆடு ஒதுங்கும் என்பதும் உண்மையே. ஆனால் குட்டி பசித்தா கடிக்கிறது? கச்சான் காற்றில் உதிர்ந்து முற்றத்தில் உருளும் இலை அதற்கு விளையாட்டுச் சாமான். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். அந்தச் சின்ன உடம்புக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. தங்க அரளியும் அப்படித்தான்.

வெட்டும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். காயக் காய இலையின் கசப்பு குறையும், விஷம் அப்படியே இருக்கும். தெருவோரம் குவித்துவைத்தால் பச்சையைத் தொடாத ஆடு சருகைத் தின்றுவிடும். எரிக்கவும் வேண்டாம், புகையும் நஞ்சு. தூரோடு தோண்டியெடுத்து ஆழமாகக் குழிவெட்டிப் புதையுங்கள். உதிர்ந்த சருகையும் கூட்டி அதிலேயே போடுங்கள். அதுவரை குட்டிகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பூனை எச்சில் வடித்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால், கெட்ட மீனைத் தின்றிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மீன்பிடி ஊர்களில் அப்படி நினைத்துத்தான் நேரம் போய்விடுகிறது. வாந்தியில் இலைத் துணுக்கு இருக்கிறதா பாருங்கள். இடப்பக்க முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சில் விரல் வையுங்கள். பூனைக்கு நிமிடத்துக்கு 140க்கு மேல் துடிக்க வேண்டும். மெதுவாகவோ விட்டுவிட்டோ துடித்தால் விஷம் இதயத்தைத் தொட்டுவிட்டது. உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதையும் புகட்டாதீர்கள். உப்பே பூனைக்குக் கெடுதல், புகட்டுவது நுரையீரலுக்குள்ளும் போகலாம். கடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. முதலில் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அரளிக் கொத்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாமிக்குச் செம்பருத்தியும் மல்லிகையும் வைக்கலாம், அவற்றால் பூனைக்குப் பயமில்லை. வெளியில் வாங்கும் மாலையில் அரளி இருந்தால், வாடியதும் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். குட்டிகள் கடிக்க ஒரு தொட்டியில் அறுகம்புல் வளருங்கள்.