பனிக்காலத்தில் இறுகும் தையல் இயந்திரம்: தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட முன்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கால்மிதி இயந்திரம் ஒன்று அவரிடம் இருக்கிறது. "மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் மிதித்தால் சில்லு அசைய மறுக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் இளகுகிறது. பிள்ளைகள் இருவருக்கும் பிளனல் சட்டையும் அம்மாவுக்கு ஒரு போர்வையும் தைக்க நினைத்தேன். மொத்தமான துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது. முன்பு தைத்த பிளனல் சட்டையும் ஒரு தோய்ச்சலில் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த முகவர் ஒருவர், 'இந்த இயந்திரம் முடிந்துவிட்டது, தவணைக்கு மோட்டார் இயந்திரம் எடுங்கள், பழையதை நானே கொண்டுபோகிறேன்' என்கிறார். எடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

எடுக்க வேண்டாம், தங்கச்சி. பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் முகவரை அடுத்த வாரம் வரச்சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் நான் சொல்லும் இரண்டு வேலைகளைச் செய்து பாருங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகித்துச் சொல்கிறேன். இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். காலையில் இறுகி, வெயில் ஏறியபின் இளகும் இயந்திரத்துக்கு வேறு காரணம் அநேகமாக இருப்பதில்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியிலும் தையிலும் வன்னியின் இரவுகள் அதைவிடக் குளிர்ந்தவை. விடியற்காலையில் 20 பாகையை ஒட்டி இறங்கும். குசினித் தட்டில் இருக்கும் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்கும் அதே நேரத்தில், இயந்திரத்தின் மூட்டுகளுக்குள் இருக்கும் எண்ணெயும் உறைந்து நிற்கிறது. மாதக்கணக்கில் விட்ட பழைய எண்ணெய் தூசியோடும் நூல் பஞ்சோடும் சேர்ந்து பிசினாகியும் இருக்கும். அதைத்தான் முகவர் "முடிந்துவிட்டது" என்கிறார்.

கழுவும் வேலை ஒரு பகல் எடுக்கும். ஊசியையும், அடிநூல் சுற்றிய பொபினையும் கழற்றிவிடுங்கள். இயந்திரத்தை முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில், வெயிலில் வையுங்கள். மேசையின் மேல் இருக்கும் இயந்திரத் தலையைப் பின்னால் சாய்த்து, எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றிலும் அடிப்பக்கத்தில் உராயும் மூட்டுகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் சில துளிகள் விடுங்கள். நூல் இல்லாமல் சில நிமிடங்கள் மிதியுங்கள். கறுப்பாக ஒழுகி வரும், பழந்துணியால் துடையுங்கள். ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பவும் செய்யுங்கள். ஒழுகுவது தெளியும்வரை இதுதான் வேலை. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. ஆகவே அது காய்ந்த பிறகு தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி விடுங்கள். நிறமில்லாத, நீர்மாதிரி மெலிந்த எண்ணெய் அது. சிறிய போத்தலில் விற்பார்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெயை விடச்சொல்லும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்காதீர்கள். அந்த எண்ணெய் இந்த நுண்ணிய மூட்டுகளுக்குக் கனதி, துணியிலும் கறைபடும். கழுவிய பிறகு முதலில் பழந்துணியில் தைத்து, கசியும் எண்ணெயைத் துணி குடித்து முடித்தபின் நல்ல துணியை வையுங்கள்.

மாரி ஈரத்தில் தோல் பெல்ட் இழுபட்டுத் தொய்ந்திருக்கவும் கூடும். மிதி ஓடியும் சில்லு வழுக்கினால், பெல்ட்டில் சிறு துண்டை வெட்டி, கம்பிக் கொளுக்கியைத் திரும்பப் பூட்டுங்கள்.

இரண்டாவது வேலை ஊசி. தையல் விட்டு விட்டு விழுவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஊசியைத்தான். நீங்கள் சட்டைத் துணிக்குப் பாவித்த 11ஆம் இலக்க ஊசியாலேயே பிளனலையும் தைத்திருப்பீர்கள். இரண்டு மடிப்புப் பிளனலுக்கு 14, போர்வைக்கு 16. தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்டி 3 மில்லிமீற்றர் அளவுக்கு வையுங்கள். ஏறக்குறைய எட்டு மணிநேரத் தையலோடு ஓர் ஊசியின் முனை மழுங்கத் தொடங்கிவிடும். வருடம் முழுவதும் ஒரே ஊசியால் தைத்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஊசி வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான ஊசியும் அதே தட்டில் அதே விலைக்கு விற்கப்படுகிறது. அதன் தண்டு முழு உருளையாக இருக்கும், கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். வீட்டு இயந்திர ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை ஊசி உங்கள் இயந்திரத்திலும் இறுகி நிற்கும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அதனால் ஊசித்தகட்டுக்குக் கீழே மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி அதைப் பிடிக்கத் தவறும். கடையில் வைத்தே விரலால் தடவிப் பாருங்கள். தட்டை இல்லாத ஊசி உங்களுக்கு உரியதல்ல, கடைக்காரர் எதைச் சொன்னாலும் சரி. பூட்டும்போது ஊசியின் நீளப் பள்ளம் நீங்கள் நூல் கோக்கும் பக்கம் பார்க்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்பக்கம்.

இப்போது அந்த முகவர். அவர் மாதத் தவணையைச் சொல்லியிருப்பார், மொத்தத்தைச் சொல்லியிருக்க மாட்டார். மொத்தம் எவ்வளவு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். "நூற்றுக்கு இருபதுதான் வட்டி" என்பார். கணக்கை நீங்களே போடுங்கள். 60,000 ரூபாய் இயந்திரத்துக்கு ஒரு வருடத்துக்கு 20 வீதம் என்றால் வட்டி 12,000. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் அடைத்துக்கொண்டு வருகிறீர்கள். வருடம் முழுவதும் 60,000 ரூபாய் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் மாதம் 60,000, கடைசி மாதம் 5,000 என்று குறைந்து வரும்போது, சராசரியாக உங்கள் மேல் இருந்த கடன் 32,500 தான். அந்தத் தொகைக்கு 12,000 வட்டி என்றால் உண்மையான வட்டி 37 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதல் நாளே கழிப்பது இதற்குப் புறம்பு. மூன்று அயல்வீட்டுப் பெண்களைப் பிணை வைக்கச் சொன்னால் இன்னும் மோசம். ஒருவருக்கு நெல் பொய்த்தால் நான்கு வீட்டு உறவும் பொய்த்துவிடும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியை 2018 இல் அரசே தீர்க்க முன்வர வேண்டியிருந்தது. அந்தப் பட்டறிவு இந்த மண்ணில் இன்னும் ஆறவில்லை. அதற்குள் அதே கணக்குப் புத்தகம் தையல் இயந்திரத்தின் பெயரில் படலையைத் திறந்துகொண்டு வருகிறது.

பழையதைத் தானே கொண்டுபோகிறேன் என்கிறாரே, அதிலும் கவனமாக இருங்கள். முடிந்துபோன இயந்திரத்தை யாரும் சும்மா சுமப்பதில்லை. கழுவி, எண்ணெய் விட்டு, இன்னொரு ஊரில் விற்பதற்குத்தான் அது. மோட்டார் இயந்திரத்தின் பெருமையைச் சொல்பவர், மாரிக்காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்பதைச் சொல்வதில்லை. பொங்கலுக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்தவர்கள் உங்கள் வாசலில் நிற்பார்கள். கால்மிதி அப்போதும் ஓடும்.

இவ்வளவும் ஏன் ஒரு கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இயந்திரம் கொடுத்த திட்டங்கள் கொடுத்த அன்றே படம் எடுத்துக்கொண்டு போய்விட்டன. கூடவே ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு பெட்டி ஊசியும் கொடுப்பதற்கு என்ன செலவு? எத்தனை இயந்திரம் கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். எத்தனை ஓடுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. பயிற்சி வகுப்புகளிலும் மாதக்கணக்கில் தாளில் சட்டை வரையப் படிப்பிக்கிறார்கள், இயந்திரத்தின் அடிப்பக்கத்தை ஒரு நாளும் திறந்து காட்டுவதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பெண், ஊசி மாற்றுவதற்கு ஆள் தேடி பஸ் ஏறுகிறாள். உங்கள் பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் இதைக் கேளுங்கள். புதிய இயந்திரம் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஊருக்கு ஒரு நாள் திருத்துநர் வேண்டும் என்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு அங்கே பதிவாவதில்லை.

இயந்திரத்தை மாற்றத்தான் வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளும் நிலை ஒன்று இருக்கிறது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முகவர் இதைத்தான் திரித்துச் சொல்வார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்த வீடுகள் பல. அப்படி ஒரு வெள்ளத்தில் உங்கள் இயந்திரமும் நின்றிருந்தால் உள்ளே துரு பிடித்திருக்கலாம். பார்ப்பது இப்படி. ஊசித்தகட்டையும் பக்கத்துத் தகட்டையும் கழற்றிவிட்டு, கைச்சில்லை உங்கள் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஊசி மிகத் தாழ்ந்த இடத்தைத் தொட்டு, ஒரு நெல்மணியின் அகலத்துக்கு மேலே எழும்போது, கொக்கியின் கூர்முனை ஊசிக்குப் பின்னால், ஊசிக் காதுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல் ஒட்டிக் கடந்து போக வேண்டும். போகிறதா? அப்படியானால் நேரம் சரியாக இருக்கிறது. முன்னதாகவோ பிந்தியோ போனால் அதைத் திருத்துநர் ஒரு திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்வார், அது பழுதல்ல. அடுத்து அந்தக் கூர்முனையை நகத்தால் தடவுங்கள். கூர் மழுங்கி உருண்டிருந்தாலோ, துரு தின்று குழி விழுந்திருந்தாலோ, கொக்கியை மட்டும் மாற்றுங்கள். பொபின் கூட்டுக்கும் இதே கதைதான். இவை தனித்தனியாக விற்கப்படும் பாகங்கள். அதற்குப் பிறகும், ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடுகிறது, சில்லுத் தண்டும் கையோடு ஆடுகிறது என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது. அப்போது மட்டும் தலையை மாற்றுங்கள். தலையைத்தான் சொல்கிறேன். இரும்பு மேசையும் மிதியும் நல்லபடி இருந்தால் அவற்றின் மேல் இன்னொரு பழைய தலையைப் பூட்டலாம். முகவர் சொல்வதைக் கேட்டு முழுவதையும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

இனித் தைக்க வேண்டியவை. வன்னியின் கூதல் ஈரக் கூதல். இங்கே உடுப்பு எவ்வளவு மொத்தம் என்பதைவிட எவ்வளவு விரைவாகக் காயும் என்பது முக்கியம். உள்ளே பஞ்சு வைத்த போர்வை மாரியில் ஒருமுறை நனைந்தால் நாட்கணக்கில் காயாது, மணக்கத் தொடங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவுக்குப் பஞ்சு வேண்டாம். தோய்ந்து மெதுவான பழைய பருத்திச் சேலையோ சாரமோ மூன்று மடிப்பு போதும். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நூலோடி வையுங்கள். பிறகு இயந்திரத்தில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு வரி. அதையும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்தில் துணி குவிந்துவிடும். ஒரு பகல் நல்ல வெயிலில் காயாத போர்வை கனதி கூடியது.

பிளனல் சுருங்கியது உங்கள் தையலின் பிழையல்ல. பருத்திப் பிளனல் முதல் தோய்ச்சலில் மீற்றருக்கு 5 சென்ரிமீற்றரும் சுருங்கும், சிலவேளை கூடவும் சுருங்கும். வெட்ட முன் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவைத்து, அழுத்திவிட்டு வெட்டுங்கள். மயிர் சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்கட்டும். மாறினால் வெளிச்சத்தில் நிறம் இரண்டாகத் தெரியும். வளரும் பிள்ளைகளுக்குக் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் விடுங்கள். ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் இயந்திரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓரத்தை மடித்து உள்ளே மறைத்து இரண்டு வரி ஓட்டினால், ஓவர்லொக்கைவிட நீண்ட காலம் நிற்கும். பிளனல் நிறையப் பஞ்சு உதிர்க்கும், ஆகவே ஒவ்வொரு சட்டை முடிந்ததும் பொபின் கூட்டைத் தூரிகையால் துடையுங்கள்.

சட்டையை விடக் கையில்லாத உட்சட்டை தைப்பது நல்லது. துணி குறைவு, நெஞ்சுக்கும் முதுகுக்கும் சூடு, பள்ளிச் சட்டைக்குள்ளும் போடலாம். முக்கியமாக, தொங்கும் கை இல்லை. விடியற்காலையில் பிள்ளைகள் விறகடுப்படியில் குந்திக் குளிர்காய்கிறார்கள். பிளனலின் மயிர்ப்பக்கம் ஒரு பொறியில் சட்டெனப் பற்றிப் படரும். கடைகளில் மலிவாகத் தொங்கும் பிளீஸ் என்ற செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் படுக்கையோடு வைத்துக்கொள்ளுங்கள், குசினிக்குள் அனுப்பாதீர்கள். கைச்சட்டைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், மணிக்கட்டில் இறுக்கமான பட்டி வைத்துத் தையுங்கள். தொப்பி வைத்தால் கழுத்துக்கு நாடா வேண்டாம், ஒரு பொத்தான் போதும்.