அம்புக்குறிக்குக் காரணம் சொல்லுங்கள்

கேள்வி: சிறு கடைக்காரர்களின் யுபிஐ பயன்பாடு பற்றி பிஎச்.டி. செய்கிறேன். வயது, படிப்பு, வருமானம், கட்டணம், நம்பிக்கை என்று 11 கட்டம் போட்டு, எல்லாவற்றிலிருந்தும் 'பயன்பாடு' கட்டத்துக்கு அம்பு இழுத்தேன். இது கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க்கே இல்லை என்று கைடு திருப்பிவிட்டார். தியரிட்டிக்கல் ஃபிரேம்வொர்க் என்பது வேறா?
- ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலி

பதில்: கைடு சொன்னது சரிதான், காரணத்தையும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு அம்பும் 'இதனால் அது மாறுகிறது' என்று நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம். ஏன் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் இரண்டு வரி சொல்ல முடியாத அம்பை இப்போதே அழித்துவிடுங்கள்.

படத்தை மூடிவைத்துவிட்டுக் கேள்வியை எழுதுங்கள். ஒரே தெருவில் ஒருவர் நாள் முழுக்க க்யூஆர் கோடில் வாங்குகிறார், பக்கத்துக் கடைக்காரர் 'கேஷ் இருந்தா குடுங்க' என்கிறாரே, ஏன்? அந்த வித்தியாசம்தான் உங்கள் சார்ந்த மாறி, அதாவது ஆய்வு விளக்க வேண்டிய விஷயம். 'பயன்பாடு' என்று மொட்டையாக விடாமல், நாள் விற்பனையில் எத்தனை சதவீதம் யுபிஐயில் வருகிறது என்று வைத்தால் அளக்கலாம்.

ஒரு கருவி பயனுள்ளது, கையாள எளிது என்று ஆள் நினைப்பதைப் பொறுத்தே அதை ஏற்பார் என்கிறது ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. அதை எடுத்துக்கொண்டால் அது தியரிட்டிக்கல் ஃபிரேம்வொர்க். அதில் உங்கள் கடைத்தெருவுக்குப் பொருந்தாததை விட்டு, இல்லாததைச் சேர்த்து நீங்கள் வரைவதுதான் கான்செப்சுவல் ஃபிரேம்வொர்க். சரக்கு போடும் மொத்த வியாபாரி ரொக்கம்தான் வேண்டும் என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? டேவிஸின் மாதிரியில் அதற்கென்று கட்டம் கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும்.

'கட்டணம்' என்ற கட்டத்தை எடுத்துவிடலாம். 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் எம்டிஆர் (பணம் பெற்றுத்தருவதற்காக வணிகரிடம் பிடிக்கும் கட்டணம்) வாங்குவதில்லை. எல்லாக் கடைக்கும் பூஜ்யமாக இருப்பது கடைக்குக் கடை உள்ள வித்தியாசத்தை எப்படி விளக்கும்? (சவுண்ட்பாக்ஸ் வாடகை என்றால் வேறு கதை.)

வயதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. வயது கூடக்கூட ஆப் கஷ்டமாகத் தெரிகிறது, அதனால் பயன்பாடு குறைகிறது என்று நினைத்தால் 'எளிமை' நடுவில் நிற்கும் மீடியேட்டர். எளிமை எல்லோருக்கும் முக்கியம், வயதானவர்களிடம் அதன் தாக்கம் இன்னும் கூடுதல் என்று நினைத்தால் வயது மாடரேட்டர், அதன் அம்பு இன்னொரு அம்பின் மேல் போய் விழும். இரண்டுக்கும் அனாலிசிஸ் வேறு வேறு.

அப்புறம், மிஞ்சும் ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் அதை அளக்கும் கேள்வி வினாப்பட்டியலில் எத்தனையாவது என்று பென்சிலால் எழுதுங்கள். எண் விழாத கட்டத்தை எடுத்துவிட்டு கைடிடம் போங்கள்.