கோடியக்கரை வெளிமான் படம் கலங்குவது ஏன்?

கேள்வி: மே மாதம் காலை 10 மணிவாக்கில் கோடியக்கரையில் வெளிமான்களை 400 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். ஒரு படம்கூடக் கூர்மையாக இல்லை. லென்ஸ் பழுதாகிவிட்டதா? – வாசகர், மன்னார்குடி

பதில்: சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், விடியற்காலையில் 20 மீட்டர் தள்ளி உள்ள ஒரு சுவரொட்டியை எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸில் குறையில்லை. படத்தைக் கெடுத்தது கானல். அடுத்தடுத்து எடுத்த படங்களைப் பெரிதாக்கினால், கொம்பின் முறுக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நெளிந்திருக்கும். கை ஆடியிருந்தால் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் மானுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாக இருக்கும்.

கத்திரி வெயிலில் மணலும் வெடித்த சேற்றுத் தரையும் சீக்கிரமே சூடேறிவிடும். தரையை ஒட்டிய சூடான காற்று மேலெழும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. இதை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. தூரத்தைக் குறைப்பதும் நேரத்தை மாற்றுவதும்தான் வழி.

மே மாதத்தில் அங்கே சூரியன் 5.50 வாக்கில் உதிக்கும். அனுமதியையும் நுழைவு நேரத்தையும் முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுவிட்டு, வேதாரண்யத்தில் தங்கிக்கொள்ளுங்கள். 8 மணிக்குள் வேலை முடியட்டும். ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் உங்கள் லென்ஸைப் போட்டால், 50 மீட்டரில் படத்தின் அகலம் சுமார் 3 மீட்டர், 1.2 மீட்டர் நீள மானுக்கு அது தாராளம். 100 மீட்டரில் மான் பாதியாகச் சிறுக்கும், கானலும் கூடும். அதற்காகத் துரத்தவே கூடாது. வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் மேய்ந்தபடி தானாகவே அருகில் வரும்.

பலரும் கவனிக்காத ஒன்று, காரின் ஏசி. கண்ணாடியை இறக்கியதும் குளிர்காற்றும் வெளிக்காற்றும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து அங்கேயே ஒரு கானலை உண்டாக்கும். 10 நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை அரைமணி நேரம் மூடிய பையிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் கடற்கரை ஈரம் லென்ஸில் பனியாகப் படியும். ஜன்னலில் ஸ்டாண்டுக்குப் பதில் துணிப்பையில் 2 கிலோ நெல் போதும். லென்ஸுக்கு முன்னால் விலை குறைந்த யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

தரையோடு படுத்து எடுக்கும் கோணம் அழகானதுதான். ஆனால் கானல் அடர்ந்திருப்பதும் அங்கேதான். வெயில் ஏறியபின் வண்டி இருக்கையின் உயரமே நல்லது.

நடக்கும் மானுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, துள்ளலுக்கு 1/2000. விடியலில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 1600 வரை ஏற்றிப் போகத் தயங்காதீர்கள். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். சுற்றியுள்ள வெள்ளை வளையத்தைக் கேமரா எளிதில் பிடிக்கும். ஆண்மானின் கருமையை நம்பிக் கேமரா ஒளியைக் கூட்டினால் வெள்ளை வயிறு வெளுத்துவிடும். மான் பெரிதாக விழும்போது எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைத்து, பின்னால் திருத்த வசதியான ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

எங்கே காத்திருந்தாலும் குட்டையோரம் வேண்டாம். 1967இல் இந்த மானைக் காக்கவே சரணாலயம் அமைந்தது. கோடையில் இருக்கும் கொஞ்சத் தண்ணீருக்கு அங்கே திரியும் குதிரைகளும் போட்டி. நாமும் மறித்து நின்றால் மான் தாகத்தோடு திரும்பிவிடும்.

அறைக்கு வந்ததும் லென்ஸின் உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, லென்ஸ் திரவம் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.