மாதவிலக்கு முன்பின்னாக வருகிறதா? டாக்டரிடம் கணக்கோடு போங்கள்

வாசகியர் கேள்விகளுக்கு மகளிர் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 38, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாகத் தீட்டு ஒழுங்காக இல்லை. ஒரு தடவை பதினைந்தே நாளில் வருகிறது, அடுத்த தடவை ஒன்றரை மாதம் ஆகிறது. வந்தால் பத்து நாள் ஆனாலும் நிற்பதில்லை. டாக்டர் விவரம் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. – வாசகி, தாராபுரம்

பதில்: ‘ஒழுங்காக இல்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு தொல்லைகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று பிரித்துக் காட்டுவது தேதிதான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் வீட்டில் இருக்குமே, அதுவே போதும். உதிரம் பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. பக்கத்தில், அன்று எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்ற எண். முழுக்க நனைந்தவற்றை மட்டும் வட்டமிடுங்கள். கட்டியாக விழுந்தால் ‘க’ என்று எழுதுங்கள். பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி போனால் அது அதிகப் போக்குதான். இரவில் நாப்கின் மாற்ற எழுந்தால் அதையும் குறித்துவிடுங்கள்.

எண்ணுவதில் பலர் தவறுகிறார்கள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவது கணக்கில்லை. உதிரம் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் முதல் நாள் வரை எண்ண வேண்டும். அது 24 முதல் 38 நாளுக்குள் இருந்தால், போக்கும் 8 நாளுக்குள் நின்றால், கவலையில்லை. உங்களுக்கு இரண்டுமே தப்புகிறது. அதனால் மூன்று மாதம் எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நினைவில் இருக்கும் தேதிகளை இன்றே எழுதிக்கொண்டு போங்கள்.

உங்கள் வயதில் இப்படி வருவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, கருமுட்டை வெளிவராத மாதங்கள். முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். அது இல்லாத மாதத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வு வளர்ந்துகொண்டே போய், ஒரே சமயத்தில் கழியாமல் அங்கங்கே உதிர்கிறது. நாள் தள்ளிப்போய், பிறகு பத்து நாள் நிற்காமல் போவது இதனால்தான். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, உடல் எடை ஆகியவை இதற்குப் பின்னால் இருக்கலாம். மாறாக, தேதி சரியாக வந்து போக்கு மட்டும் மிக அதிகம் என்றால் கர்ப்பப்பைச் சதைக்கட்டியையோ சுவர் வீக்கத்தையோ நினைப்போம். இரண்டு தீட்டுக்கு நடுவில் கறை படுகிறது என்றால் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியைத் தேடுவோம். தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கடைசி விவரத்தைத்தான் பெண்கள் கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதி நீட்டுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவராக இருந்தாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். வருத்தப்படாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அபூர்வமாகக் கரு தங்கும். அது கருக்குழாயில் தங்கினால் உயிருக்கே ஆபத்து. பிறகு ஹீமோகுளோபின், தட்டணுக்கள், தைராய்டு, தேவைப்பட்டால் புரோலாக்டின் என்ற ஹார்மோன், ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பே நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் போக வேண்டும். உள்ளே வைத்துப் பார்ப்பதென்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். இது தெரியாமல் பாதி நாள் வராந்தாவில் காத்துக் கிடப்பவர்கள் நிறைய. ‘நின்ற பிறகு போகலாம்’ என்றும் இருக்காதீர்கள். போக்கு இருக்கும்போதே சோதிக்கலாம். காப்பர் டி, கருத்தடை ஊசி, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, மனநல மாத்திரை, நாட்டு மருந்து என எது எடுத்தாலும் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். 

ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். டீ, காபி குடிப்பதற்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் விடியும்வரை பொறுக்கக் கூடாது. கண் இருட்டிக்கொண்டு வந்தாலும், நாள் தள்ளிப்போன பிறகு கறையோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலும் அப்படியே. உடனே 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வயதுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த முறை 14 நாளாக நிற்கவில்லை. பள்ளியில் பாவாடை நனைந்து அழுதுகொண்டே வந்தாள். ‘ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் மாமியார். – தாய், அரூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. முதல் இரண்டு மூன்று வருடம் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஆனால் 14 நாள் நிற்காததும் பாவாடை நனைவதும் அந்தக் கணக்கில் வராது. இந்த வாரமே காட்டுங்கள்.

இந்த வயதில் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா, பல் தேய்த்தால் ஈறில் கசியுமா, லேசாக இடித்தாலே கன்றிப்போகுமா, பல் பிடுங்கியபோது நிற்காமல் வந்ததா, உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ பிரசவத்தில் அதிகப் போக்கு இருந்ததா? இதற்கெல்லாம் பதிலை யோசித்துக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். அது போக்கை அதிகமாக்கும். உள்பரிசோதனை செய்வார்களோ என்ற பயம் பல தாய்மார்களுக்கு இருக்கிறது. சிறுமிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. ரத்தப் பரிசோதனையும் வயிற்றின் மேல் ஸ்கேனும் போதும். ஹார்மோன் மாத்திரை கொடுத்தால், ‘கருத்தடை மாத்திரையா!’ என்று பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போக்கு திரும்பக் கொட்டும்.

கேள்வி: கோயில் விசேஷத்துக்காகக் கடையில் கேட்டு, தள்ளிப்போடும் மாத்திரை ஐந்து நாள் போட்டேன். இரண்டு நாள் மறந்தும் போனேன். இப்போது மூன்று வாரமாகக் கறை படுகிறது. வயது 29. – வாசகி, மேலூர்

பதில்: அந்த மாத்திரை பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். தீட்டு வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, தினம் மூன்று வேளை தவறாமல் போட வேண்டும். வேளை தவறினால் சவ்வு பிடிப்பை இழந்து கறை படும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் முழுத் தீட்டு வந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கறை என்பது அதோடு சேராது. முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு டாக்டர். இதை நிறுத்த இன்னொரு மாத்திரையைக் கடையில் வாங்காதீர்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது.

கேள்வி: வயது 42. ஸ்கேனில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், பிள்ளைகள்தான் பிறந்தாகிவிட்டதே’ என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். – வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளை பிறந்தாகிவிட்டது என்பது கர்ப்பப்பையை எடுக்கக் காரணம் ஆகாது. கட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உள்சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சென்டிமீட்டர் கட்டி கொட்ட வைக்கும். வெளிச்சுவரில் ஐந்து சென்டிமீட்டர் இருந்தும் ஒன்றும் செய்யாது. நாற்பதைத் தாண்டியவருக்குப் போக்கு ஒழுங்கில்லை என்றால், ஆபரேஷன் பேச்சுக்கு முன் உள்சவ்வில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்களா என்பது அடுத்த கேள்வி. தீட்டு நாட்களில் மட்டும் போடும், போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைத்தால் பல வருடம் ஹார்மோன் சுரக்கும் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை என வேறு வழிகள் உண்டு. இவற்றில் எது, ஏன் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ஸ்கேன் படத்தோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுவதைத் தடுக்கும் வழிகாட்டுதலைப் பின்பற்றும்படி உச்ச நீதிமன்றமே 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு 57 வயது. தீட்டு நின்று நாலு வருடம். போன வாரம் ஒருநாள் மட்டும் உள்பாவாடையில் லேசாக ரத்தக்கறை. வலி இல்லை. சூடாக இருக்குமா? – வாசகி, சிவகாசி

பதில்: சூடு இல்லை, அம்மா. தீட்டு நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு சொட்டு பட்டாலும், பழுப்பாகப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிந்ததாலோ சிறு பாலிப்பாலோதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் இதுதான். இந்த நிலையில் கண்டால் முழுதாகக் குணமாக வாய்ப்பு அதிகம். வலி இல்லாததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உள்வழி ஸ்கேனில் சவ்வின் தடிமன் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால், மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுத் துணுக்கு எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே சில நிமிடத்தில் முடிந்துவிடும். தீட்டு வலி போல இழுக்கும். தடிமன் குறைவாக இருந்தும் மறுபடி கறை பட்டால் துணுக்குச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, பிரஷர், உடல் பருமன் இருந்தாலும், மார்பகப் புற்றுக்காக டாமாக்ஸிஃபென் மாத்திரை போட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கறை பட்ட தேதியையும் குறித்துக்கொண்டு போங்கள்.