அஞ்சடியில் நிழலும் வெயிலும்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் லெபு பாசாரில் நண்பகலில் எடுத்த படத்தில், அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னே மேல்மாடிக்குக் கீழ் தூண்களோடு அமைந்த நடைபாதையில், மாலை தொடுப்பவர் இருண்டும் பின்னணிச் சாலை வெளுத்தும் போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருப்பதால், உச்சிவெயில் நேராக இறங்கி, கடைவீடுகளின் முன்புறத்தை ஆழ்ந்த நிழலாக்கிவிடும். நிழலையும் சாலையையும் ஒருசேரத் தெளிவாகப் பதிவு செய்வது கேமராவுக்கு மிகக் கடினம். ஆகவே, சாலை அந்தப் படத்திற்குத் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் கருத்தில் தேவையே இல்லை. சாலைக்கு முதுகைக் காட்டி நின்று, கடையின் உட்புறத்தைப் பின்னணியாக்கினால், வெயில்பட்ட தரையிலிருந்து எதிரொளிக்கும் மென்மையான வெளிச்சம் அவர் முகத்திலும், மல்லிகைச் சரத்தை முடிச்சிடும் விரல்களிலும் அழகாகப் படியும். ஒளியை முகத்திற்கே அளந்து, அதற்கேற்பக் கேமராவை அமைத்துக்கொள்ளுங்கள். இருபுறத் தூண்களையும் ஓரங்களில் நிறுத்தினால், அவையே சட்டகமாகிவிடும். சாய்வெயில் தூண்களுக்கிடையே நுழையும் காலை வேளையிலோ, வெயில்பட்ட பகுதிக்கு அளந்து, நிழலைத் தயங்காமல் கறுப்பாகவே விட்டுவிடலாம்.