வாசகர் கேள்வி: முதலில் புத்தகமா, ஓவியமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அடுத்த கூட்டத்தை ஓர் ஓவியக் கண்காட்சியோடு சேர்த்து வைக்க யோசனை. புத்தகத்தைப் பேசிவிட்டுப் போய்ப் பார்ப்பதா, பார்த்துவிட்டு வந்து பேசுவதா?

பதில்: பார்த்துவிட்டு வந்து பேசுங்கள், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பேசிவிட்டுப் போனால் எல்லோர் கண்ணும் ஓவியத்தில் கதையைத்தான் தேடும். டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1665-ல் வரைந்தது, அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது. ட்ரேசி ஷெவாலியர் 1999-ல் அதே பெயரில் எழுதிய நாவலில் அவள் ஓவியர் வீட்டில் வேலை செய்யும் பெண். நல்ல நாவல்தான், ஆனால் அதைப் பேசி முடித்த சூட்டோடு ஓவியத்தின் முன் நின்றால் அந்த வேலைக்காரப் பெண் மட்டும்தான் தெரிவாள். முத்து என்பது வெள்ளை வண்ணத்தின் ஓரிரு தீற்றல்தான் என்பதோ, அதைக் காதில் மாட்ட ஒரு கொக்கிகூட வரையப்படவில்லை என்பதோ, உதட்டோரம் ஈரம் மினுங்க வைத்த குட்டிப் புள்ளியோ கண்ணில் படாது. இதையெல்லாம் முதலில் பார்த்தவர்கள் நாவலுக்குத் திரும்பினால், எழுத்தாளர் எதை ஓவியத்திலிருந்து எடுத்தார், எதைத் தாமாகச் சேர்த்தார் என்ற பேச்சு தன்னால் கிளம்பும்.

அப்புறம், கண்காட்சி முழுவதையும் சுற்றாதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், ஓர் ஓவியத்தின் முன் பார்வையாளர்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடிதான். நான்கைந்து ஓவியங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் நில்லுங்கள். முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரம் போனபிறகே ஓவியத்தின் மூலைகள் தெரிய ஆரம்பிக்கும். வழிகாட்டி வருவதாக இருந்தால் என்ன புத்தகம் படிக்கிறீர்கள் என்பதையும், பார்த்து முடிக்கும்வரை விளக்கம் வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சை அரங்குக்கு வெளியே, உட்கார இடமுள்ள ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் தொந்தரவில்லை.

கேள்வி: ஓவியரைப் பற்றிய புத்தகமாகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கண்காட்சியை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கு முடியும் தேதி உண்டு, புத்தகம் எங்கும் போகாது. பிறகு அங்குள்ள ஓவியங்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகின்றன என்று பாருங்கள்: உழைப்பா, புலம்பெயர்வா, பிரிவா? அதே கவலையுள்ள ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ போதும். நேரடியாக ஓவியம் வரும் நாவல் கிடைத்தால் அதற்கும் தனிச் சுவை உண்டு. டோனா டார்ட்டின் 'தி கோல்ட்ஃபின்ச்' (2013) நாவலின் கதை ஓர் அருங்காட்சியகக் குண்டுவெடிப்பிலிருந்து விரிகிறது. அதில் வரும், அதே பெயர் கொண்ட குருவி ஓவியத்தை 1654-ல் வரைந்த காரெல் ஃபப்ரீஷியஸ் அதே ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் இறந்தார். இது தெரிந்தபின் நாவலின் ஆரம்பப் பக்கங்களை மறுபடி படித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய நாவலைத் தாங்கும் அந்த ஓவியத்தின் உயரம் வெறும் 33.5 சென்டிமீட்டர்!

கேள்வி: பாதிப் பேர் புத்தகத்தை முடிக்காமலே வருவார்கள். என்ன செய்வது?

பதில்: வரட்டும். ஓவியத்தின் முன் எல்லோரும் சமம், அங்கே படித்தவர் படிக்காதவர் என்று கிடையாது. பேச உட்காரும்போது முடிக்காதவர்களிடமே முதலில் கேளுங்கள், என்ன பார்த்தீர்கள் என்று. கதை தெரியாததால் அவர்கள் பார்த்ததை மட்டும்தான் சொல்வார்கள், முடித்தவர்கள் அதிலிருந்து தொடரலாம்.