பாதிக் காது

அன்புள்ள ஐயா,

உங்கள் இசைக் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறவன். ஓராண்டாக எனக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு மென்மையான எலக்ட்ரானிக் இசையோ, தாளம் சரியாகப் பிடிபடாத பரிசோதனை ஜாஸோ போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடும், இசை முடிந்ததுகூடத் தெரியாது. இதைச் சொன்னதும் இசை தெரிந்த நண்பன் ஒருவன், "ஜாஸைத் தாலாட்டாக்கி வைத்திருக்கிறாயே" என்று கடிந்துகொண்டான். அதிலிருந்து போட்டாலே குற்ற உணர்வு. சரி, கவனித்துக் கேட்கலாம் என்றால் ஓய்வு போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. எலக்ட்ரானிக் இசையில் மிதக்க முடிகிறது, ஜாஸில் மட்டும் பாதி வழியில் யாரோ தோளைத் தட்டி எழுப்புவதுபோல ஆகிறது. நான் கேட்கும் முறை தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தவறில்லை. நானும் உங்கள் கட்சிதான்.

நண்பரிடம் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1920இல் பாரிஸில் ஒரு நாடக இடைவேளைக்காக அவர் ஓர் இசை எழுதினார். அறையில் மேசை நாற்காலி கிடப்பதுபோல அதுவும் தன்பாட்டுக்குக் கிடக்க வேண்டும், யாரும் காது கொடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. இசை தொடங்கியதும் என்ன ஆயிற்றென்றால், எழுந்து போனவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாட்டி பதறிப்போய், பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று கூட்டத்துக்குள் ஓடியிருக்கிறார். கேட்காதீர்கள் என்று இசைக்காரரே கெஞ்சிய வரலாறு இருக்கும்போது உங்களுக்கு எதற்குக் குற்ற உணர்வு?

அப்புறம் இங்கிலாந்து இசைக்காரர் பிரையன் ஈனோ. 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி பழைய யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சிரமப்பட்டு ஓட விட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக இருப்பதும், ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யாததும் தெரிந்தது என்றும், எழுந்து போய்ச் சரிசெய்யத் தெம்பில்லை என்றும் ஈனோ எழுதியிருக்கிறார். வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே யாழின் ஒன்றிரண்டு சுரம் மட்டும் மேலே வந்து மறைந்திருக்கிறது. (அந்தத் தோழி பின்னாளில் இதை மறுத்தார். தற்செயலாவது ஒன்றாவது, மழையோடு பொருந்தும்படி வேண்டுமென்றேதான் ஒலியைக் குறைத்து வைத்தோம் என்றார். எனக்கு அவர் சொல்வதுதான் பிடித்திருக்கிறது.) எப்படியோ, அறையின் வெளிச்சம்போல, மழைபோலக் கூடவே இருக்கிற இசை என்ற எண்ணம் ஈனோவுக்கு அங்கேதான் பிறந்தது. 1978இல் விமான நிலையங்களுக்கென்று அவர் செய்த தொகுப்பில் ஒரு பகுதி முழுக்கப் பாடகர்களின் நீண்ட குரல்கள்தான். ஒவ்வொரு சுரமும் தனித்தனி ஒலிநாடாச் சுருளில் சுற்றி வருகிறது. ஒன்று 23 விநாடிக்குச் சற்று மேல், அடுத்தது 25 விநாடிக்கு மேல், இன்னொன்று கிட்டத்தட்ட 30. நீளம் ஒத்துப்போகாததால் அவை சேரும் விதம் மாறிக்கொண்டே இருக்கும். மனம் கொஞ்ச நேரம் அடுத்தது என்ன என்று பார்க்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, காத்திருக்கவும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அதைத்தான் நாம் மனோராஜ்ஜியம் என்கிறோம். போன வாரம் இதே தொகுப்பில் நான் போய்ச் சேர்ந்த இடம், இருபது வருடத்துக்கு முன் தொலைத்த, ஒரு கம்பி உடைந்த கறுப்புக் குடை. அதன் கைப்பிடியில் இருந்த கீறல்வரை ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது உங்களைத் தட்டி எழுப்புகிற ஜாஸுக்கு வருகிறேன். சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் ஒரு சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் மெல்ல ஊறிவரும்படி செய்ய முடியும். சாக்ஸஃபோனில் அது அத்தனை எளிதல்ல. நாக்கு படும் இடம் கேட்கும், மூச்சு கேட்கும், மூச்சு தீர்ந்துபோவதும் கேட்கும். ஓர் ஆள் அறைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஆள் வந்தால் யாராக இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்கத்தானே செய்வோம்?

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969 பிப்ரவரியில் பதிவுசெய்த 'இன் எ சைலன்ட் வே' தொகுப்பை இதற்காகவே கேட்டுப் பாருங்கள். அதில் கீபோர்டு வாசித்த ஜோ ஜாவினுல் எழுதிக் கொண்டுவந்த மெட்டில் இருந்த கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) எல்லாம் மைல்ஸ் கழற்றிப் போட்டுவிட்டார், அடியில் சுருதிபோல ஒன்று மட்டும் நிற்கும். கிடாருக்கு வந்த ஜான் மெக்லாஃப்லினிடம் (பிறகு சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமுடன் வாசித்தாரே, அவரேதான்) வாசிக்கத் தெரியாதவன்போல வாசி என்று சொன்னாராம். அந்தத் தயக்கம் முதல் சுரத்திலேயே கேட்கிறது. தயாரிப்பாளர் டியோ மாசெரோ அந்தத் தொடக்கப் பகுதியையே வெட்டி, இசைத்தட்டின் அதே பக்கத்தின் கடைசியிலும் ஒட்டிவைத்தார். நாம் எங்கெங்கோ அலைந்துவிட்டுத் திரும்பினால் புறப்பட்ட இடத்திலேயே நிற்போம்.

நண்பர் சொன்னதில் கால்வாசி நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தொகுப்பையும் பாதிக் காதோடு மட்டுமே கேட்டால், எது போட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். 'ஓய்வுக்கு' என்று பெயர் வைத்துக் குவித்திருக்கிற பிளேலிஸ்ட்களில் அதுதான் நடக்கிறது. யார் வாசித்தது என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வராது. அதில் எனக்குத் தூக்கம்தான் வரும், கனவு வராது.

எலக்ட்ரானிக் இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸும் சாக்ஸஃபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட 'ப்ராமிசஸ்' தொகுப்பு, நீங்கள் சொன்ன எலக்ட்ரானிக்கும் ஜாஸும் ஒன்றாக இருக்கிற இடம். 46 நிமிடம். சின்னதாக ஏழு சுரம், திரும்பத் திரும்ப, அதன்மேல் எண்பதை நெருங்கிய ஒரு கிழவரின் மூச்சு. நாலாவது பகுதியில் அவர் வாத்தியத்தை விட்டுவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார், வார்த்தைகூட இல்லை. எத்தனை ஆழத்தில் இருந்தாலும் அங்கே நான் விழித்துவிடுவேன். விழித்து, அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், எழுந்ததற்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

ஹெட்ஃபோன் வேண்டாம். ஒலியை, மின்விசிறிச் சத்தத்துக்கு ஒரு பிடி மேலே இருக்கும்படி வையுங்கள். முக்கியமாக, ஒன்று முடிந்ததும் தானாக அடுத்ததை ஓட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள். ஃபாரோ சாண்டர்ஸ் ஓய்ந்த மூன்றாவது விநாடியில் யாரோ டிரம்ஸை அடித்து நொறுக்கி என்னைக் கட்டிலிலிருந்து கிட்டத்தட்டக் கீழே தள்ளியிருக்கிறார்கள்.